கண்டது மொழிமோ: விமர்சகர் என்பவர் யார்?

தனக்குப் பிடித்த நாவல் ஒன்றுக்கு வந்த கடுமையான மதிப்புரையைப் படித்துவிட்டு ஓர் இளைஞர் மனம் நொந்து கேட்டிருக்கிறார்: "ஒரு கதைகூட எழுதாதவருக்கு இன்னொருவர் எழுதிய கதையில் குறை சொல்ல என்ன தகுதி இருக்கிறது? விமர்சகர் என்பவர் யார்? அவர் இல்லாவிட்டால் இலக்கியத்துக்கு என்ன குறைந்துவிடும்?" கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் பத்திரிகைகளுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டும் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். இந்தக் கேள்வி என்னைத் தொடாமல் போகாது. ஆகவே சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். செய்தித்தாளைத் திறந்தால் "எதிர்க்கட்சித் தலைவர் கடும் விமர்சனம்" என்று தலைப்பு இருக்கிறது. உள்ளே போய்ப் படித்தால் வசைதான் இருக்கும். இப்படிப் படித்துப் படித்தே, விமர்சனம் என்றால் தாக்குதல் என்று நமக்குப் பழகிவிட்டது. வடமொழியில் அதன் வேருக்கு ஆராய்தல், எண்ணிப்பார்த்தல் என்று பொருள். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லின் மூலம் 'கிரினெய்ன்' என்னும் கிரேக்க வினை. பிரித்தறிதல், தீர்ப்புக் கூறுதல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நாம் ஆக்கிக்கொண்ட 'திறனாய்வு' இன்னும் வெளிப்படையானது. ஒரு படைப்பின் திறனை ஆய்வது. மூன்று சொல்லிலும் குறைகூறல் என்பது முதற்பொருளாக இல்லை. முறத்தில் புடைப்பவள் பதரைத் தள்ளுகிறாள் என்றால் அது அரிசிக்காகத்தான்.

அப்படியானால் குறைகாண்பவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நமக்குக் கிடைத்த விமர்சகர் உருவம் நக்கீரர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் இருக்கிறது. 1965இல் அதே கதை திரைப்படமாக வந்த பிறகு "நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே" என்ற வசனம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் கிடையாது, ஆகவே பாட்டில் பொருட்குற்றம் என்றார் நக்கீரர். எதிரில் நிற்பது சிவபெருமான் என்று தெரிந்த பிறகும் பின்வாங்கவில்லை. அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தத் துணிவையே விமர்சனத்தின் முழுமையாக எடுத்துக்கொண்டதில்தான் நாம் தவறிவிட்டோம்.

சண்டைக்குக் காரணமான பாட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு அது. இறையனார் பாடியது.

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற்று அரிவை கூந்தலின்
நறியவும் உளவோ நீ அறியும் பூவே.

இதில் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டு என்று எங்கே சொல்லியிருக்கிறது? காதலன் ஒருவன் வண்டைப் பார்த்துக் கேட்கிறான்: நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட நல்ல மணம் உள்ள பூ இருக்கிறதா? அவ்வளவுதான். பாட்டு கேள்வியாகவே தொடங்கிக் கேள்வியாகவே நின்றுவிடுகிறது. கேட்பவன் காதலில் இருப்பவன். அவளுக்கும் கேட்கும்படிதான் வண்டிடம் பேசுகிறான். நயத்தைப் பாராட்ட வேண்டிய இடத்தில் பொருளியல்பைச் சோதித்ததாகப் புராணம் நக்கீரரைக் காட்டுகிறது. துணிவுள்ள விமர்சகரும் பாட்டைத் தவறாகப் படிக்கலாம் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சான்று இந்தக் கதை என்றே நான் வகுப்பில் சொல்வது வழக்கம்.

அதே பாட்டில் உண்மையான விமர்சகர் ஒருவர் இருக்கிறார். அது அந்தத் தும்பிதான். அதன் தகுதி முதல் இரண்டு சொற்களிலேயே வந்துவிடுகிறது: கொங்குதேர் வாழ்க்கை. தேன் தேடுவதையே வாழ்க்கையாகக் கொண்டது. ஒரு பூவை மட்டும் பார்த்துவிட்டு வந்ததல்ல. அதனிடம் வைக்கும் வேண்டுகோள் "காமம் செப்பாது": நான் விரும்புவதை எனக்காகச் சொல்லாதே. "கண்டது மொழிமோ": நீ கண்டதைச் சொல். கடைசியில் "நீ அறியும் பூவே": உன் அறிவின் எல்லைக்குள் ஒப்பிட்டுச் சொன்னால் போதும். பரந்த அனுபவம், முகத்துக்காகப் பேசாமை, கண்டதையே பேசுதல், தன் எல்லை அறிதல் என்று விமர்சகரிடம் நாம் எதிர்பார்க்கும் அனைத்தும் இந்த ஐந்து அடிக்குள் இருக்கின்றன. இந்த வண்டு பூ பூக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் கேள்வியின் முதற்பகுதிக்குப் பாட்டே பதில் வைத்திருக்கிறது.

நக்கீரரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. திரைப்படத்தில் வராததால் பலருக்குத் தெரியாது. இறையனார் அகப்பொருள் என்னும் இலக்கண நூலுக்கு எழுதிய உரையின் தொடக்கத்தில் அது இருக்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். பஞ்சம் தீர்ந்து புலவர்கள் திரும்பி வந்தபோது பொருளிலக்கணம் தெரிந்தவர் யாரும் இல்லை. மதுரை ஆலவாய்க் கடவுளான சிவபெருமான் அறுபது சூத்திரம் செய்து கொடுக்கிறார். புலவர் ஆளுக்கொரு உரை சொல்கிறார்கள். எது சரியான உரை? தீர்ப்புச் சொல்ல ஒரு 'காரணிகன்' வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்குக் காட்டப்பட்டவன் யார் தெரியுமா? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயது. வாய் பேசாத பிள்ளை. அவனை உட்கார வைத்து ஒவ்வொருவராக உரை வாசிக்கிறார்கள். பிள்ளை அசையாமல் இருக்கிறான். மருதனிளநாகனார் வாசிக்கும்போது சில இடங்களில் கண்ணீர் விட்டு மெய்ம்மயிர் சிலிர்க்கிறான். நக்கீரனார் வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்கிறது. அதுவே மெய்யுரை என்று எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதை மேல் தீராத பிரியம். தீர்ப்புச் சொல்பவனுக்குப் பேச்சே கிடையாது. நல்லதைக் கேட்டால் உடம்பு அறிந்துவிடுகிறது. விமர்சகரிடம் முதலில் இருக்க வேண்டியது இந்தப் பிள்ளைதான். படித்ததில் உருகத் தெரியாதவர் எத்தனை கோட்பாடு கற்றிருந்தாலும் அவர் சொல்லும் குறைக்கு மதிப்பில்லை. அந்த உருக்கத்துக்குக் காரணத்தையும் இடத்தையும் எடுத்துச் சொல்லும் வாய் கிடைக்கும்போதுதான் ரசிகர் விமர்சகராகிறார்.

இந்த 'இடம்' என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தமிழாசிரியர். கதை நன்றாக இருக்கிறது ஐயா என்று சொன்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எந்த வரி?" என்று கேட்பார். சலிப்பாக இருக்கிறது என்றாலும் அதே கேள்விதான். வரியைக் காட்டினால் அதை உரக்க வாசிக்கச் சொல்வார். வாசிக்கும்போதே பாதிப் பேருக்குத் தங்கள் கருத்து தவறு என்று தெரிந்துவிடும். எதையும் காட்ட முடியாதவர்களைத் திட்டமாட்டார். "நாளைக்குத் தேடிக்கொண்டு வா" என்பார். அந்த மூன்று ஆண்டுகளில் பாடம் கேட்டதைவிட வரி தேடியதில்தான் அதிகம் கற்றேன்.

நம் முன்னோருக்கு இந்தப் பழக்கம் உண்டு. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தமக்கு முன் வந்தவர்கள் கொண்ட பாடத்தையும் பொருளையும் மறுக்கும்போது ஏன் பொருந்தாது என்று காரணம் சொல்கிறார். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்தார். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று வரும் அந்தப் பட்டியலை இன்றைய நாவல்மேல் வைத்துப் பாருங்கள். வேகமாகத் தொடங்கி இருநூறாம் பக்கத்துக்கு மேல் ஆசிரியருக்கே ஆர்வம் வடிந்துவிட்ட நாவல்களுக்கு 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியாது. இரண்டாம் பாதி தொய்வு என்று திரைப்படத்தைப் பற்றி இன்று நாம் சொல்வதும் அதுதான்.

இனி, விமர்சகர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்வி. 1880இல் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். உ.வே.சாமிநாதையருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரி ஆசிரியர். ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியல் சொல்கிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றைப் படித்து என்ன பயன், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்கிறார். சீவகசிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். அத்தனை கற்றவர் அதைப் படித்திருக்கவில்லை. அங்கிருந்து தொடங்கியதுதான் 1887இல் அச்சேறிய சிந்தாமணி. பின்னர் 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. முதலியார் காவியம் எதுவும் இயற்றியவரல்லர். நீதிமன்ற உத்தியோகஸ்தர். ஆனால் எது மேலானது என்ற தெளிவு அவரிடம் இருந்தது. கற்றவர் ஒருவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லவும் செய்தார். "காமம் செப்பாது கண்டது மொழிமோ" என்பதற்கு வாழ்க்கையில் இதைவிட நல்ல உதாரணம் நான் அறிந்ததில்லை.

பாரதி விஷயமும் அப்படித்தான். அவர் 1921இல் மறைந்தபோதே எல்லாரும் மகாகவி என்று கொண்டாடிவிடவில்லை. 1930களில் பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. பாரதி நல்ல கவி, தேசிய கவி, ஆனால் உலக மகாகவிகள் வரிசையில் வைக்க முடியாது என்ற தரப்பில் கல்கி நின்றார். எழுத்தாளர் வ.ரா. எதிர்த்தரப்பு. கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் பாட்டுப் பாட்டாக எடுத்து எழுதிய கட்டுரைகள் 1937இல் 'கண்ணன் என் கவி' என்று நூலாயின. இன்று மகாகவி என்ற அடைமொழி இல்லாமல் பாரதியின் பெயரைச் சொல்ல நம் நாக்கு வராது. அந்த அடைமொழி வாதாடிப் பெற்றது. மறுத்த கல்கியே பிற்பாடு எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று நிதி திரட்டினார். 1947இல் அது திறக்கப்பட்டது. மதிப்பீட்டில் மாறுபடுவது பகையாக வேண்டியதில்லை என்பதை அந்தத் தலைமுறை நமக்கு நடந்து காட்டியிருக்கிறது.

மௌனியை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய கதைகள் இரண்டு டஜன் அளவுதான். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். ஒரே தொடர். குறைவாக எழுதியவர், செறிவாக எழுதியவர், மறைபொருளாக எழுதியவர் என்ற மூன்றையும் அது சொல்லிவிடுகிறது. க.நா.சுப்ரமண்யம் பின்னர் ஆண்டுக்கணக்காக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் இருவரும் சொல்லாமல் இருந்திருந்தால், வாரப் பத்திரிகைகளின் தொடர்கதை வெள்ளத்தில் மௌனியை யார் கண்டிருப்பார்கள்?

க.நா.சு.வைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1912இல் பிறந்தவர், 'பொய்த்தேவு' எழுதிய நாவலாசிரியர். ஆனால் ஊருக்கு அவர் பட்டியல்காரர். இவர் நல்ல எழுத்தாளர், இவர் அல்லர் என்று பெயர்களை அடுக்குவார். பல சமயம் காரணம் சொல்லமாட்டார். தேர்ந்த வாசகனின் ரசனையே அளவுகோல் என்பது அவர் நிலை. அவருடைய சமவயதினரான சி.சு.செல்லப்பாவுக்கு இது போதவில்லை. அலசிக் காட்ட வேண்டும், வரிவரியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்றார். அதற்கென்றே 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, கைப்பொருளை இழந்து 1970 வரை நடத்தினார். புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். விமர்சனத்துக்காகத் தொடங்கிய அந்தப் பத்திரிகையில்தான் புதுக்கவிதை வேர்பிடித்தது. என் ஆசிரியரின் "எந்த வரி?" செல்லப்பாவின் கட்சி. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: க.நா.சு. காரணம் சொல்லாமல் தேர்ந்த பெயர்களில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. உருத்திரசன்மனும் காரணம் சொல்லவில்லையே!

இருவரும் கேட்காத கேள்வியை இலங்கைத் திறனாய்வாளர் க.கைலாசபதி கேட்டார். நன்றாக இருக்கிறதா என்பது மட்டும் போதாது; இந்த வடிவம் இந்தச் சமூகத்தில் இந்தக் காலத்தில் ஏன் பிறந்தது, யாருடைய வாழ்வு இதில் இருக்கிறது, யாருடையது இல்லை என்று கேட்டார். 1968இல் வந்த 'தமிழ் நாவல் இலக்கியம்' அந்தக் கேள்வியின் விளைவு. வெங்கட் சாமிநாதன் அந்த நூலைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். சூடு குறையாத எழுத்து அது. கைலாசபதியின் கேள்வியை இனி யாரும் தவிர்க்க முடியாது. ஆனால் சமூக வரலாற்றைச் சொல்லும் வேகத்தில் தனித்தனிப் படைப்பின் குரல் அவர் எழுத்தில் அமுங்கிப்போகிறது என்பதும் உண்மை. ரசிகமணி டி.கே.சி. இதற்கு நேர் எதிர்முனை. கம்பனைப் பாடிப் பாடி உயிரூட்டியவர், தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் பாடவில்லை என்றே ஒதுக்கிவிட்டார். ரசனைக்குச் சான்று என்னும் கடிவாளம் இல்லையென்றால் அது மூலத்திலேயே கைவைத்துவிடும்.

கைலாசபதி கேட்டதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனவர் தலித் திறனாய்வாளர் ராஜ் கௌதமன். நாம் அறம் என்று தலைமேல் வைத்துக் கொண்டாடிய பழம்பாட்டுகளில் அந்த அறம் யாருக்கு அதிகாரமாக இருந்தது என்று கேட்டார். சங்கப் பாட்டை நேசித்துப் படித்த எனக்கு அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது வலித்தது. அதன்பிறகு சங்கப் பாட்டைப் படிப்பதை நான் விட்டுவிடவில்லை. பழைய மாதிரிப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

திரைப்பட விமர்சனத்தைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, முதல் காட்சி முடிந்ததும் திரையரங்க வளாகத்தில் பார்வையாளர் கருத்தைப் படம்பிடிக்க யூடியூப் சேனல்களை விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டது. வாசலில் மைக்கைப் பார்த்ததும் சொல்லும் கருத்து விமர்சனம் அல்ல, உண்மைதான். ஆனால் டிக்கெட் வாங்கியவர் வாய் திறப்பதற்கு எவரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கூச்சலுக்கு மாற்று, படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் காட்சியைச் சுட்டிக்காட்டி எழுதும் நல்ல விமர்சகர்கள் பெருகுவதுதான். அப்படி எழுதுகிறவர்களுக்குப் பத்திரிகைகள் இடமும் ஊதியமும் தர வேண்டும். இன்று இரண்டும் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

விமர்சகர் தவறு செய்யமாட்டாரா? செய்வார். நானும் செய்திருக்கிறேன். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு சிறு நாவல், அறிமுக எழுத்தாளர். உரையாடல் தட்டையாக இருக்கிறது, யாரும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை, பாத்திரங்களுக்கு உயிரில்லை என்று எழுதினேன். வரிகளை எடுத்துக்காட்டித்தான் எழுதினேன். ஆசிரியரின் பாடத்தை மறக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து ஓர் உறவினர் திருமணத்துக்காகத் தூத்துக்குடிப் பக்கம் போனபோது, காலை நேரத்தில் அளத்தின் ஓரமாக நடந்தேன். பெண்கள் உப்பைத் தலையில் சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே வெள்ளை, மேலே வெயில். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒருத்தி "தண்ணி" என்றாள். இன்னொருத்தி "அங்க" என்றாள். வாய் திறந்தால் உதடு வெடிக்கிறது, ஐயா என்று நிழலுக்கு வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள் பிறகு சொன்னார். நான் தட்டை என்று எழுதிய உரையாடல் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியதும் அந்த நாவலைத் தேடி எடுத்து மறுபடியும் படித்தேன். முன்பு பென்சிலால் கோடிட்டிருந்த வரிகள் அப்படியே இருந்தன. அதே வரிகளை எடுத்துக்காட்டி, நான் எங்கே பிழையாகப் படித்தேன் என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். பழைய மதிப்புரையைவிட நீளமான கட்டுரை. வெளியானதும் ஒரு பிரதியை அந்த எழுத்தாளருக்கும் அனுப்பிவைத்தேன். உங்களை வருத்திய மதிப்புரையை எழுதியவர் வரிகளைக் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். காட்டியிருந்தால், நாவலில் அந்தப் பக்கங்களைத் திறந்து அவர் கண்டது அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், எந்த வரியில் இல்லை என்று எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்புங்கள்.